மைல் கணக்கு வேண்டாம், அடிக் கணக்கு போடுங்கள்

வாசகர் கேள்வி பதில்

அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் வெயிலைப் பற்றி வந்த கடிதங்களை எல்லாம் இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், ஏனென்றால் ஒருவருக்குச் சொல்கிற பதில் பாதி இன்னொருவருக்கும் பொருந்துகிறது. பள்ளத்தாக்கு என்று வருகிற இடமெல்லாம் ஃபீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி, மேசா என்று ஒட்டிக்கிடக்கும் மொத்த நகரத்தையும் சொல்கிறேன், இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். டிகிரி எல்லாமே ஃபாரன்ஹீட். வேலூரில் 108 என்று ஊர்ப் பேப்பரில் போடுகிறார்களே, அதே கணக்கு.

*

சாண்ட்லரில் சிப் கம்பெனி ஒன்றில் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஆபீஸ் போயே ஆக வேண்டும். இன்னொரு கோடையைத் தாங்க முடியாது என்று மனைவி சொல்லிவிட்டார். தினமும் ஒரு மணி நேரத்தில் போய்வரும் தூரத்தில் குளிர்ச்சியான ஊர் ஏதாவது இருக்கிறதா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், சாண்ட்லர்

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நீங்கள் வார இறுதிகளை எல்லாம் வீடு பார்ப்பதில் கழிப்பீர்கள்.

ஏன் இல்லை என்பதற்குக் காரணம் எளிது. பாலைவனத்தில் தூரம் போனால் குளிராது, ஏறினால்தான் குளிரும். கிழக்கே அறுபது மைல் போனாலும் மேற்கே அறுபது மைல் போனாலும் அதே உயரத்தில் இருந்தால் அதே வெயில்தான். சாண்ட்லர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 அடி. ஆயிரம் அடி ஏறினால் தோராயமாக 4 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஃபீனிக்ஸில் பகல் உச்சம் சராசரியாக 106. அதை 90க்குக் கொண்டுவர நீங்கள் 5,000 அடி உயரத்துக்குப் போக வேண்டும். அந்த உயரத்தில் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் ஊர் பேசன். பீலைன் என்கிற 87ஆம் நெடுஞ்சாலையில் மேசாவைத் தாண்டி மலையேறினால் வரும். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. போக ஒன்றரை, வர ஒன்றரை, மழைக்காலத்தில் சாயங்காலம் இடி மின்னல், இருட்டிய பிறகு ரோட்டின் குறுக்கே வந்து நிற்கும் எல்க் மான்கள். நம்மூர்ப் புள்ளிமான் மாதிரி நினைத்துவிடாதீர்கள், குதிரை அளவு இருக்கும், காரில் மோதினால் கார் மிஞ்சாது. வாரம் நான்கு நாள் இந்த ஓட்டம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாதி வழியில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்பீர்கள். குளோப் என்று ஒரு பழைய சுரங்க ஊர், 3,500 அடி. அங்கே ஜூலையில் நூறுக்கு ஓரிரண்டு டிகிரி கீழே. அதற்காகத் தினமும் மலைப்பாதையில் போய்வருவது வீண். வடக்கே கேவ் கிரீக், கேர்ஃப்ரீ பக்கம் 2,000 அடிக்கு மேல், நகரத்தைவிட நாலைந்து டிகிரி குறைவு, ராத்திரியில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து சாண்ட்லருக்கு வர மொத்த நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டும். வடக்கு ஃபீனிக்ஸில் இருக்கும் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலையில் வேலை பார்ப்பவர் என்றால் அது வேறு விஷயம், அவர்களுக்கு நியூ ரிவர், ஆந்தெம் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

இன்னொன்று. எல்லாரும் பகல் வெயிலையே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் ஆளை அடித்துப் போடுவது ராத்திரிதான். ஜூலையில் ஃபீனிக்ஸில் விடியற்காலைக் குறைந்தபட்சமே சராசரியாக 84ஐத் தாண்டுகிறது. 2023 ஜூலை 19 அன்று வெப்பநிலை 97க்குக் கீழே இறங்கவே இல்லை, விடியற்காலையிலும்கூட. அந்த வருஷம்தான் 110ஐத் தொட்ட நாட்கள் தொடர்ந்து 31 வந்தன. அடுத்த வருஷம், 2024இல், நூறைத் தொட்ட நாட்கள் தொடர்ந்து 113. பகலெல்லாம் சூடேறிய தாரும் கான்கிரீட்டும் ராத்திரி முழுக்க அதைக் கக்கிக்கொண்டே இருப்பதால் நகரத்தின் நடுவில் இருப்பவர்களுக்கு இளைப்பாறவே நேரம் கிடைப்பதில்லை. ஆகவே எந்த ஊரைப் பார்த்தாலும் ஜூலை மாத ராத்திரி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பகல் 92 என்றாலும் ராத்திரி 60க்கு இறங்குகிற ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம், காலை பத்து மணி வரை ஏசி போட வேண்டாம்.

சரி, உங்களுக்கு என்னதான் வழி? வேலை சாண்ட்லரில் என்றால் வீடும் அங்கேதான். ஆனால் வீட்டை மாற்றலாம். மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி உள்ள வீட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள், மூன்று மணியிலிருந்து ஏழரை வரை அது அடுப்பு. இங்கே வீட்டு விளம்பரங்களில் வடக்கு தெற்கு வாசல் என்று தனியாகப் போடுவார்கள், அது வாஸ்து இல்லை, வெயில். வயதான மரங்கள் உள்ள பழைய தெருக்களும், வாய்க்கால் தண்ணீரை முற்றத்தில் கட்டிப் பாய்ச்சும் பழைய குடியிருப்புகளும் புதுக் குடியிருப்புகளைவிட ராத்திரியில் நிஜமாகவே இதமாக இருக்கும். புது வீடுகளில் முற்றம் முழுக்க ஜல்லி கொட்டி நடுவில் ஒரு கள்ளி வைத்திருப்பார்கள், தண்ணீர் மிச்சம்தான், சூடு லாபம்.

அப்புறம், ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை மேலே ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்து மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருக்க, நீங்கள் வியாழன் சாயங்காலம் ஏறி ஞாயிறு இறங்கலாம். மன்ட்ஸ் பார்க் என்று ஃப்ளாக்ஸ்டாஃபுக்குச் சற்றுத் தெற்கே ஒரு ஊர், 6,500 அடி, அது பாதிக்கு மேல் பள்ளத்தாக்குக்காரர்களின் கோடை வீடுதான். பள்ளி ஆகஸ்ட் முதல் வாரத்திலோ அதற்கும் முன்போ திறந்துவிடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள், இங்கே அமெரிக்காவின் வேறு சில ஊர்கள் மாதிரி செப்டம்பர் கிடையாது.

*

எனக்கு முழுக்க வீட்டிலிருந்தே வேலை. எச்1பி விசாவில் இருக்கிறேன், கம்பெனி டெம்பியில். ஃப்ளாக்ஸ்டாஃபில் வீடு வாங்கலாம் என்று நினைக்கிறோம். குளிர் எங்களுக்குப் பிடிக்கும். எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, டெம்பி

முதலில் விசாவைக் கவனியுங்கள், வீட்டை அப்புறம் பார்க்கலாம். எச்1பியில் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் உங்கள் வீடுதான் வேலை இடம். டெம்பியும் சாண்ட்லரும் ஒரே பெருநகர வட்டாரம், உள்ளுக்குள்ளே வீடு மாறினால் பெரிய சிக்கல் இல்லை. ஃப்ளாக்ஸ்டாஃப் அந்த வட்டாரத்துக்கு வெளியே, கோகோனினோ கவுன்டி. அங்கே போனால் கம்பெனி புதிதாக எல்.சி.ஏ. என்கிற தொழிலாளர் துறை ஒப்புதல் வாங்கி, நீங்கள் மாறுவதற்கு முன்பே திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். 2015இல் வந்த சிமியோ தீர்ப்புக்குப் பிறகு இது கறாரான விதி. பிரெஸ்காட், பேசன் போனாலும் இதே கதைதான். கம்பெனி வக்கீலிடம் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரி நினைத்து மாறிவிட்டு, நீட்டிப்பு சமயத்தில் கையைப் பிசைபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஊர். ஃப்ளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி, மீட்டரில் 2,100. நம் கொடைக்கானல் உயரம். ஜூலையில் பகல் 82ஐ ஒட்டி, ராத்திரி 50ஐ ஒட்டி. ஃபீனிக்ஸோடு ஒப்பிட்டால் பகலில் 24 டிகிரி குறைவு, ராத்திரியில் 30க்கும் மேலே குறைவு. பல வீடுகளில் ஏசியே கிடையாது. ஊரைச் சுற்றிப் பான்டரோசா பைன் காடு, வெயில் ஏறிய நேரத்தில் மரப்பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை வரும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ராத்திரி வானம் இன்னொரு லாபம். புளூட்டோவை 1930இல் கண்டுபிடித்தது இந்த ஊர் லோவல் வானாய்வகத்தில்தான், தெருவிளக்கையும் விளம்பர விளக்கையும் கட்டுப்படுத்தி 2001இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற பெயரும் வாங்கிய ஊர்.

ஆனால் குளிர் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தக் குளிர்? கொடைக்கானல் டிசம்பரை நினைத்து எழுதியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இங்கே வருஷத்துக்குச் சராசரியாக 90 அங்குலம் பனி விழுகிறது. வருஷத்தில் பாதிக்கு மேற்பட்ட ராத்திரிகள் உறைநிலைக்குக் கீழே. மே மாதத்திலும் பனி பெய்து பார்த்திருக்கிறேன், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் அதைப் பார்த்துக் குதிப்பான், நீங்கள் தோட்டத்தில் வைத்த தக்காளிச் செடியைப் பார்த்துக் கண்ணீர் விடுவீர்கள். கோடையில் மிச்சப்படுத்திய கரண்ட் காசை ஜனவரியில் கேஸ் ஹீட்டர் வாங்கிக்கொள்ளும். பனி டயர், பனி தள்ளும் மண்வாரி, வெளிக்குழாயை மூடிவைப்பது எல்லாம் பழகிக்கொள்ள வேண்டும். ஐ17 நெடுஞ்சாலையைப் பனிப்புயலில் மூடிவிட்டால் அன்று பள்ளத்தாக்குக்கு இறங்க முடியாது.

சமையலைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் 93 செல்சியஸிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும், துவரம்பருப்பு மட்டும் வேகாது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், குக்கர்தான், அதிலும் இரண்டு மூன்று விசில் கூட வைக்க வேண்டிவரும். சாதத்துக்கும் தண்ணீர் கொஞ்சம் கூட. இட்லி மாவு புளிக்க ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள், விடிவதற்குள் பொங்கிவிடும். நல்லெண்ணெய், புளி, கறிவேப்பிலைக்கு மாதம் ஒரு தடவை பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அது பழகிவிடும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

விலை? இந்த ஊரில் சம்பளம் சின்னது, வீடு பெரிய விலை. சுற்றிலும் அரசாங்கக் காடு, கட்ட இடம் இல்லை, பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பக்கம், ஃபீனிக்ஸ்காரர்களின் இரண்டாவது வீடு இன்னொரு பக்கம். காட்சியோடு கூடிய வறுமை என்று உள்ளூர்க்காரர்களே தங்களைக் கிண்டலடித்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பள்ளத்தாக்குச் சம்பளம் என்பதால் சமாளிக்கலாம். ஆனால் விலை பேசுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் விலையைக் கேளுங்கள், காட்டுத்தீ காரணமாகச் சில முகவரிகளுக்குக் கம்பெனிகள் பாலிசியே தருவதில்லை. தீ போனாலும் பயம் போகாது. எரிந்த மலைச்சரிவு தண்ணீரைக் குடிக்காது, அடுத்த மழைக்காலத்தில் கீழே உள்ள தெருக்களில் வெள்ளமாக வரும். 2010இல் ஷல்ட்ஸ் தீ, அந்த ஜூலையிலேயே வெள்ளம். 2019இல் மியூசியம் தீ, 2021 கோடையில் ஊருக்குள்ளேயே கறுப்புத் தண்ணீர். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குக் கை கொடுக்காது, தேசிய வெள்ளக் காப்பீடு தனி, அதுவும் எடுத்ததிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லும். மேலே எந்தச் சரிவு எரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள்.

*

செடோனா எப்படி? படத்தில் பார்த்தால் சொர்க்கமாக இருக்கிறது.
— வாசகர், கில்பர்ட்

படம் எடுக்கச் சொர்க்கம்தான். 4,300 அடி சொச்சம், ஜூலையில் 95ஐத் தாண்டும், சிவப்புப் பாறை வேறு சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வீடுகளில் பெரிய பங்கு சுற்றுலாப் பயணிகளுக்குத் தினவாடகைக்குப் போய்விட்டது, விலை ஆகாயத்தில். பக்கத்தில் காட்டன்வுட், கேம்ப் வெர்டி மலிவு, ஆனால் சுமார் 3,300 அடியோ அதற்கும் கீழோ, நூறைத் தொடும். வடக்கே இருக்கிறது என்பதால் குளிராக இருக்கும் என்று நினைத்து ஏமாறுவது இந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

ஐ17இல் போகும்போது உங்களுக்கு ஒரு கருவி கண்ணெதிரே நிற்கிறது, பாருங்கள். பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் ரோடு ஒரேயடியாக ஏறும், காரில் ஏசியை அணைக்கச் சொல்லி, இன்ஜின் சூடாகாமல் இருக்க, பலகைகூட வைத்திருப்பார்கள். அந்த ஏற்றம் முழுக்க இரண்டு பக்கமும் கை தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளி. சன்செட் பாயின்ட் வருவதற்குள் சட்டென்று ஒன்றுகூட இருக்காது, புல்வெளி தொடங்கிவிடும். நீண்ட நேரம் உறைபனி பட்டால் அந்தக் கள்ளி செத்துவிடும், அதனால் சுமார் 3,500 அடிக்கு மேல் ஏறாது. சகுவாரோ நிற்கிற ஊரில் ஏசி இல்லாமல் கோடை கிடையாது. ஜூனிப்பர் புதர் கண்ணில் பட்டால் பாதி தப்பித்தோம். பைன் மரம் நிழல் தருகிற இடத்தில்தான் நீங்கள் தேடுகிற ஊர்.

*

அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. பிள்ளைகள் சாண்ட்லரில். பனி ரொம்ப வேண்டாம், வெயிலும் வேண்டாம். பிரெஸ்காட்டா, பேசனா, ஷோ லோவா?
— வாசகர், மேசா

உங்கள் வயதில், உங்கள் தேவைக்கு, பிரெஸ்காட்.

காரணம் மருத்துவமனையும் துணையும். பிரெஸ்காட் சுமார் 5,400 அடி, ஜூலையில் 90ஐ ஒட்டி, ராத்திரி 60ஐ ஒட்டி. பனி விழும், ஆனால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெயிலில் கரைந்துவிடும். 1864இல் அரிசோனா பிரதேசத்தின் முதல் தலைநகராக இருந்த ஊர், நடுவில் நீதிமன்றம், சுற்றிலும் புல்வெளி, பெஞ்சு, சாயங்காலம் நடக்க ஆட்கள். ஓய்வு பெற்றவர்கள் நிறைய என்பதால் மருத்துவர், பல் டாக்டர், கண் டாக்டர் எல்லாம் ஊருக்குள்ளேயே. பள்ளத்தாக்கிலிருந்து நூறு மைல், இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டது, மேசாவிலிருந்து கொஞ்சம் கூட. பக்கத்திலேயே பிரெஸ்காட் வேலி, சுமார் 5,000 அடி, புது வீடுகள், விலை குறைவு, காற்று அதிகம், மரம் குறைவு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

இங்கேயும் தீ உண்டு. 2013 ஜூன் 30 அன்று யார்னல் மலைத்தீயில் ஒரே நாளில் 19 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்களே, அவர்கள் பிரெஸ்காட் நகரத்தின் படைதான். அந்த ஊரில் யாரிடம் பேசினாலும் அது வரும். வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டுவதையும், கூரையில் விழுந்த பைன் ஊசியைப் பெருக்குவதையும் அங்கே யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் ஆள் வைத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

பேசன் உங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டம், அது பெரிய விஷயம்தான். ஆனால் சின்ன ஊர், பெரிய வைத்தியம் என்றால் மலையிறங்க வேண்டும். கோடை வீட்டுக்கு நல்லது, முழு வருஷ வாசத்துக்குக் கார் ஓட்டும் தெம்பு இருக்கும் வரை நல்லது.

ஷோ லோ 6,300 அடி சொச்சம், அதற்குத் தெற்கே பைன்டாப் லேக்சைடு இன்னும் உயரம். ஜூலையில் 87 போல, சுற்றிலும் ஏரி, பைன் காடு, மீன்பிடி. வீட்டு விலை ஃப்ளாக்ஸ்டாஃபைவிட இறக்கம். சீட்டாட்டத்தில் குறைந்த சீட்டைக் காட்டி நிலத்தையே ஜெயித்ததாகக் கதை சொல்லிப் பெயர் வந்த ஊர், பிரதான சாலைக்கே சீட்டுப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஊர், ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து மூன்று மணி நேரம், வழியில் சால்ட் ரிவர் கேன்யனில் கொண்டை ஊசி வளைவுகள். பேரப்பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். பனியும் நீங்கள் கேட்டதைவிட அதிகம்.

மேசாவில் இருக்கும் வீட்டை உடனே விற்காதீர்கள். ஒரு வருஷம் வாடகைக்கு விட்டுவிட்டு பிரெஸ்காட்டில் வாடகைக்கு இருந்து ஒரு ஜனவரியையும் ஒரு ஜூலையையும் பாருங்கள். கோயில், சங்கம், தமிழில் நாலு வார்த்தை பேச ஆள் என்று பழகியவர்களுக்கு அங்கே வாரநாட்கள் ரொம்ப நீளமாக இருக்கும். வீட்டம்மாவிடம் இதைத் தனியாகக் கேளுங்கள், கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

*

அப்பா அம்மா மதுரையிலிருந்து ஜூனில் வருவதாக இருக்கிறது. மதுரை வெயிலைப் பார்த்தவர்கள்தானே, ஃபீனிக்ஸ் ஒன்றும் செய்யாது என்கிறார் அப்பா. சரியா?
— வாசகி, சாண்ட்லர்

அப்பாவிடம் டிக்கெட்டை அக்டோபருக்கு மாற்றச் சொல்லுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை இந்த ஊர் மாதிரி சுகமான ஊர் கிடையாது, அமெரிக்காவின் வடக்கே இருக்கும் பெரியவர்கள் எல்லாம் அப்போதுதான் இங்கே வந்து குவிகிறார்கள்.

டிக்கெட் மாற்ற முடியாது என்றால், இரண்டு விஷயத்தில் அவரோடு கறாராக இருங்கள். ஒன்று செருப்பு. மதுரையில் வாசலுக்கு வெறுங்காலில் போய்ப் பழகியிருப்பார். இங்கே ஜூன், ஜூலை பிற்பகலில் தார் ரோடு 160 டிகிரிக்கு மேல் போகும், சில நொடி போதும், கால் வெந்துவிடும். கோடையில் ஃபீனிக்ஸின் தீக்காய மருத்துவமனைக்கு வருகிறவர்களில் தரையில் விழுந்து எழ முடியாமல் போனவர்கள் ஒரு பெரிய கூட்டம். தபால் பெட்டி வரை போவதாக இருந்தாலும் செருப்பு, கையில் போன். காரின் சீட் பெல்ட் கொக்கியும் சுடும், குழந்தைக்குப் போடும்போதும் தொட்டுப் பார்த்துப் போடுங்கள்.

இரண்டாவது வியர்வை. மதுரையில் சட்டை நனைந்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். இங்கே ஜூன் மாதம் காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், வியர்க்கவே இல்லையே என்று சொல்லிக்கொண்டே ஆள் சோர்ந்து விழுவார். தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. பிரஷருக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே அவர் டாக்டரிடம் இந்த ஊர் வெயிலைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். காலை நடை ஐந்து மணிக்கு, ஆறரைக்குள் வீடு.

ஏசியை ஜூன் வருவதற்கு முன்பே சர்வீஸ் செய்துவிடுங்கள். 2023இல் இந்த மாரிகோபா கவுன்டியில் வெயில் தொடர்பாக 645 பேர் இறந்ததாகக் கணக்கு. அதில் பாதிக்கு நெருக்கமானவர்கள் வீடில்லாதவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களில் பலர் வீட்டில் ஏசி இருந்தும் அது ஓடவில்லை. கரண்ட் செலவு எதற்கு என்று நீங்கள் ஆபீஸ் போனதும் அதை அணைத்துவிட்டு உட்காரும் தலைமுறை அது, தெர்மோஸ்டாட்டைப் போனிலிருந்து பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அவர்களை ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் கூட்டிப்போங்கள், ஜூலையானால் மத்தியானம் இடி மழை பெய்யும், அப்பா சாரலில் உட்கார்ந்து காபி குடிப்பார்.

*

வடக்கே, நகர எல்லைக்கு வெளியே, ஒரு ஏக்கரோடு வீடு மலிவாக வருகிறது. மேடான இடம், ராத்திரி நல்ல காற்று. தண்ணீர் லாரியில் வரும் என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?
— வாசகர், ஸ்காட்ஸ்டேல்

லாரி என்ற வார்த்தையிலேயே நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த நமக்கு இதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலேயே ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸில் நடந்ததைப் படியுங்கள். அழகான மேட்டுநிலம், நகராட்சி இல்லை, பல வீடுகளுக்கு ஸ்காட்ஸ்டேல் நகரத்தின் குழாயில் பிடித்து லாரியில் வந்த தண்ணீர்தான். 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் அதை நிறுத்திவிட்டது. லட்சக்கணக்கான டாலர் வீட்டில் இருந்தவர்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டு, மழைத் தண்ணீர் பிடித்து டாய்லெட்டுக்கு ஊற்றினார்கள். இப்படி ஆவதற்குச் சட்டத்தில் இருக்கும் ஒரு ஓட்டை காரணம். 1980 நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் மனை போட்டு விற்பவர் நூறு வருஷத்துக்குத் தண்ணீர் இருப்பதை நிரூபிக்க வேண்டும், ஆனால் ஐந்து மனைக்கு மேல் பிரிக்காவிட்டால் அந்த நிபந்தனை இல்லை. ஐந்து ஐந்தாகப் பிரித்தே ஊரைக் கட்டிவிட்டார்கள்.

கிணறு இருக்கிறது என்றால் அதன் ஆழம், பக்கத்துக் கிணறுகளின் நிலை, சமீபத்தில் யாராவது ஆழப்படுத்தினார்களா என்று கேளுங்கள். நகரக் குழாய் இருக்கிறது என்றால் எந்த நகரம், எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாத மலிவு வீட்டை விட்டுவிடுங்கள், காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. நகரத்தின் ஓரத்தில் இருக்கும் பக்கை, குவீன் கிரீக் பக்கம் போனால் புது வீடு கிடைக்குமே என்று அடுத்து யோசிப்பீர்கள். நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புது மனைகளுக்கு அனுமதி தருவதை 2023 ஜூனில் மாநில அரசு நிறுத்தியதும் அந்த ஓரங்களை மனதில் வைத்துத்தான், அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

*

பிரெஸ்காட்டில் பார்த்த வீட்டில் ஏசி இல்லை, கூரையில் ஏர் கூலர்தான் இருக்கிறது. போதுமா?
— வாசகர், டெம்பி

மே, ஜூனுக்குத் தாராளமாகப் போதும். கரண்ட் செலவும் ஏசியில் ஒரு சிறு பங்குதான், ஈரக் காற்று மூக்குக்கும் இதம். ஜூலை மழைக்காலம் தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் அதே கூலர் வெறும் ஃபேன் ஆகிவிடும், வீடு முழுக்கப் பிசுபிசுப்பு. பிரெஸ்காட்டில் மழைக்கால ராத்திரி எப்படியும் குளிர்ந்துவிடும் என்பதால் பலர் படுக்கையறைக்கு மட்டும் ஒரு சின்ன ஏசி போட்டுச் சமாளிக்கிறார்கள். பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு செல்லாது. வாங்குவதாக இருந்தால் கூரையேறி கூலரின் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த ஊர்த் தண்ணீரின் உப்பு படிந்து துரு ஓட்டை விழுந்திருந்தால் அதன் கீழே இருக்கும் கூரைப் பலகையும் ஊறியிருக்கும், அதை விலையில் கழித்துக் கேளுங்கள்.